20,000 முகவரி வேண்டாம். இருக்கிற 1,400 பேருக்கு எழுதுங்கள்

வாசகர் கடிதம்:

"நானும் என் அக்காவும் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களும் டைரிகளும் செய்து எங்கள் வெப்சைட்டில் விற்கிறோம். தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. வாடிக்கையாளர்களின் மெயில் முகவரிகள் 1,400 சேர்ந்திருக்கின்றன. மாதம் ஒரு முறை மெயில் அனுப்புகிறோம். எங்கள் ஜிமெயில் முகவரியை ஒரு மெயில் அனுப்பும் சேவையில் கொடுத்து, அது வழியாகத்தான் போகிறது. 40 சதவீதம் பேர் திறந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ஆர்டர்தான் வருகிறது. 'உங்கள் மெயில் ஸ்பேமில் கிடந்தது' என்று சிலர் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் 20,000 முகவரிகள் கொண்ட பட்டியல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? கடைசியாக அனுப்பிய மாதாந்திர மெயிலை இணைத்திருக்கிறேன். ஆர்டரை அனுப்பியதும் நான் எழுதும் சாதாரண மெயில் ஒன்றும் இணைப்பில் இருக்கிறது. இந்தச் சாதாரண மெயிலுக்குப் பலர் பத்தி பத்தியாகப் பதில் எழுதுகிறார்கள். மாதாந்திர மெயிலுக்கு ஒருவர்கூட எழுதியதில்லை."

வணக்கம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. மெனக்கெட்டு வடிவமைத்து அனுப்பும் மெயிலுக்கு மௌனம். போகிற போக்கில் எழுதும் நாலு வரிக்குப் பத்தி பத்தியாகப் பதில். படிப்பவர்கள் அதே ஆட்கள், எழுதுவதும் நீங்களேதான். எழுதும் விதம் மட்டும்தான் இரண்டுக்கும் நடுவில் மாறுகிறது. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைக்கிறேன். ஆனால் அந்த 20,000 முகவரி விஷயத்தில் நீங்கள் சீக்கிரம் முடிவு சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் முதலில் அதை முடித்துவிடுவோம்.

வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அவர்கள் விலைக்கு வாங்கிய ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். தயக்கம் இருந்தும் அனுப்பிவிட்டேன். அன்று மாலைக்குள் கால்வாசி மெயில்கள் திரும்பி வந்தன. மறுநாள் மெயில் சேவைக்காரர்கள் கணக்கை நிறுத்திவைத்தார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த சில மாதங்களுக்கு அந்த நிறுவனத்தின் பில்களும் விலைப்புள்ளிகளும்கூட, கேட்டு வாங்கியவர்களின் ஸ்பேமில் போய் விழுந்தன. பழைய வாடிக்கையாளர் ஒருவர் பில் வரவே இல்லை என்று போன் செய்து கேட்டதும், அதற்கு முதலாளி சொன்ன பதிலும் இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பெயரை மீட்க ஆன நாட்களில் புது வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்திருக்கலாம்.

ஏன் அப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு வரும் பட்டியலில் இருப்பவர்கள் யாரும் உங்களிடம் முகவரி கொடுத்தவர்கள் அல்ல. இணையப் பக்கங்களிலிருந்து மென்பொருள் கொண்டு அள்ளியவை, எங்கோ கசிந்தவை, யாரும் பயன்படுத்தாமல் விட்டவை எல்லாம் அதில் கலந்திருக்கும். இவற்றுக்கு நடுவே பொறி முகவரிகளும் இருக்கும். சில முகவரிகளை எந்த மனிதருக்கும் சொந்தமில்லாமல், ஸ்பேம் அனுப்புபவர்களைப் பிடிப்பதற்கென்றே இணையத்தில் போட்டு வைத்திருப்பார்கள். கைவிடப்பட்ட பழைய முகவரிகளையும் சில காலம் கழித்துப் பொறியாக மாற்றிவிடுவது உண்டு. அப்படி ஒரு முகவரிக்கு மெயில் போனால், நீங்கள் அனுமதி வாங்காமல் அனுப்புகிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 1998 முதல் இயங்கிவரும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் நடத்தும் தடைப்பட்டியல்களில் பெயர் ஏறிவிட்டால், அதைப் பார்த்துப் பல மெயில் சர்வர்கள் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஸ்பேம் பட்டனை அழுத்துபவர்களின் கணக்கு தனி. ஜிமெயிலுக்கு மொத்தமாக அனுப்புபவர்கள் மீதான புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். 0.3 என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். யாரென்றே தெரியாத ஒருவரிடமிருந்து நோட்டு விற்பதாக மெயில் வந்தால், ஆயிரம் பேரில் மூன்று பேராவது அந்தப் பட்டனை அழுத்த மாட்டார்களா? நானாக இருந்தால் அழுத்துவேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒருவரின் முகவரியைப் பயன்படுத்த முறையான அடிப்படை வேண்டும். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், விலகும் வழியையும் அனுப்புபவரின் அஞ்சல் முகவரியையும் ஒவ்வொரு விளம்பர மெயிலிலும் கேட்கிறது. ஏமாற்றும் பொருள் வரியை, அதாவது மெயிலின் தலைப்பாகத் தெரியும் சப்ஜெக்ட் வரியை, தடை செய்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்களோ அந்த நாடுகளின் விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

சரி, உங்களிடம் இருக்கிற 1,400 பேருக்கு வருவோம்.

முதலில் ஸ்பேம் பிரச்சினை. உங்கள் மெயில் ஸ்பேமுக்குப் போவதற்குப் பெரிய காரணம், அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போட்டு, ஜிமெயில் அல்லாத ஒரு சர்வரிலிருந்து அனுப்புவது என்று நினைக்கிறேன். பெறும் பக்கத்திலிருந்து பாருங்கள். கடிதத்தில் ஜிமெயில் என்று இருக்கிறது, ஆனால் கொண்டுவந்தது வேறு யாரோ. மோசடிக்காரர்கள் செய்வதும் இதையேதான். அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போட்டு வெளியிலிருந்து அனுப்பாதீர்கள் என்று கூகுள் தன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது.

உங்களுக்கென்று வெப்சைட் இருக்கிறது, அதனால் டொமைனும், அதாவது அந்த வெப்சைட்டின் முகவரிப் பெயரும், இருக்கிறது. அந்த டொமைனில் ஒரு மெயில் முகவரி உருவாக்கி, இனி அதிலிருந்தே அனுப்புங்கள். கூடவே மூன்று பதிவுகளை டொமைனின் டி.என்.எஸ். அமைப்பில் (அந்தப் பெயருக்கு உரிய சர்வர்கள் எவை என்று சொல்லும் பதிவேடு) சேர்க்க வேண்டும். பெயர்கள் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. எஸ்.பி.எஃப். என்பது, உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு மெயிலிலும் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து; வழியில் யாரும் திருத்தவில்லை என்பதை அதை வைத்துச் சரிபார்க்கலாம். இந்த இரண்டும் பொருந்தாத மெயில் உங்கள் பெயரில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவரின் சர்வருக்கு நீங்கள் சொல்லிவைப்பது டிமார்க். நீங்கள் பயன்படுத்தும் மெயில் சேவையின் அமைப்புப் பக்கத்தில் இந்த வரிகள் தயாராகவே இருக்கும். அவற்றை எடுத்து டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். அரை நாள் வேலை.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது, மெயில் சேவை கொடுத்ததை இரண்டாவதாக ஒட்டினால் இரண்டுமே செல்லாமல் போய்விடும். பழைய வரிக்குள்ளேயே புதியதைச் சேர்த்து எழுத வேண்டும். டிமார்க்கில் எடுத்த எடுப்பில் கடுமையான கட்டளை கொடுக்காதீர்கள். எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் கேட்கும் 'நன்' (none) என்ற நிலையில் வைத்துச் சில வாரம் அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் மெயில்கள் எல்லாம் ஒழுங்காகத் தேறுகின்றன என்று தெரிந்த பிறகு பொருந்தாததை ஸ்பேமில் ஒதுக்கச் சொல்லும் 'குவாரண்டைன்' (quarantine) நிலைக்கு மாற்றலாம்.

சரியாகச் செய்திருக்கிறீர்களா என்று பார்க்க ஆள் தேட வேண்டாம். உங்கள் மாதாந்திர மெயிலை உங்களுடைய ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் திறந்து, மேலே மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரிகள் வரும். மூன்றிலும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும். இன்றைக்கே ஒரு முறை பாருங்கள், மாற்றம் செய்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதை ஒரு நிபந்தனையாகவே ஆக்கிவிட்டன. ஜிமெயிலின் விதிப்படி, அதன் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். உங்களைப் போன்ற சிறிய அனுப்புநர்களுக்கு எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்கிறது விதி. நீங்கள் மூன்றையுமே செய்துவிடுங்கள். புது முகவரியிலிருந்து முதல் முறை அனுப்பும்போது 1,400 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், அண்மையில் ஆர்டர் செய்தவர்களில் தொடங்கி ஒரு வாரத்தில் பிரித்து அனுப்புங்கள். புதிய அனுப்புநரை மெயில் சேவைகள் கொஞ்சம் கவனித்துப் பார்த்த பிறகுதான் நம்பும்.

அடுத்து, அந்த 40 சதவீதம். அந்த எண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் வைத்திருப்பார்கள். அந்தப் படம் லோட் ஆனால் 'திறந்தார்' என்று கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, அந்தப் படங்களையெல்லாம் தானே முன்கூட்டி இறக்கி வைத்துவிடுகிறது. அதை இயக்கி வைத்திருப்பவர் உங்கள் மெயிலைப் பார்க்காமலேயே அழித்தாலும் திறந்ததாகவே கணக்கில் ஏறும். மறுபக்கம், படங்களை லோட் செய்யாமல் வைத்து முழுசாகப் படித்தவர் கணக்கிலேயே வர மாட்டார். கிளிக் எண்ணிக்கை இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அலுவலக மெயில்களில் பாதுகாப்பு மென்பொருளே லிங்க்குகளை அழுத்திப் பார்ப்பதுண்டு.

இரண்டு பொருள் வரி எழுதி, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது என்று அனுப்பி எது ஜெயிக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். உங்கள் பட்டியல் அளவில் அது வீண் வேலை. 700 பேரில் 280 பேர் ஒன்றைத் திறந்து, 301 பேர் இன்னொன்றைத் திறந்தால், அந்த 21 பேர் வித்தியாசம் எந்தக் காரணமும் இல்லாமலே வரக்கூடியது. அதை நம்பி முடிவெடுத்தால் காற்று அடித்த பக்கம் போன மாதிரிதான்.

நீங்கள் எண்ண வேண்டியவை இரண்டு: எத்தனை ஆர்டர் வந்தது, எத்தனை பேர் பதில் எழுதினார்கள். ஒரு பழைய டைரியில் தேதி போட்டுக் கையால் எழுதினாலே போதும்.

இனி உங்கள் இணைப்புகளுக்கு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

மாதாந்திர மெயிலின் பொருள் வரி: 'புது வரவு! அதிரடித் தள்ளுபடி! இன்றே முந்துங்கள்!!' அதற்கு அடுத்து, இன்பாக்ஸில் சாம்பல் நிறத்தில் தெரியும் முன்னோட்ட வரியில் 'இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா? பிரவுசரில் பார்க்க' என்று இருக்கிறது. இது நீங்கள் எடுத்த வார்ப்புருவோடு (டெம்ப்ளேட்) வந்தது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். உள்ளே 'அன்பார்ந்த வாடிக்கையாளரே'. பிறகு முழுக்க ஒரே படம். எழுத்துகளும் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்பது நோட்டுகள், ஒன்பது 'வாங்க' பட்டன்கள். கடைசியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இது தானியங்கி மெயில், தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டாம்.'

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒருவர்கூடப் பதில் எழுதுவதில்லை என்று வருந்துகிறீர்கள். எழுத வேண்டாம் என்று மாதா மாதம் 1,400 பேரிடம் நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றே அதை எடுத்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் கைப்பட எழுதிய மெயில். 'வணக்கம். உங்கள் நோட்டை இன்று காலை அனுப்பிவிட்டோம். தையல் நூல் முதலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பத்து நாள் புரட்டினால் இளகிவிடும். பச்சை அட்டை கேட்டிருந்தீர்கள், அந்தத் துணியில் இதுதான் கடைசி. வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.'

இதில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், ஒரு நோட்டு இருக்கிறது, அதைத் தைத்தவரின் அறிவு இருக்கிறது. நூல் இளகும் என்பது தைத்தவருக்குத்தான் தெரியும். கடைசியில், எதிரில் இருப்பவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேட்கிறீர்கள். அவரும் செய்கிறார். மாதாந்திர மெயிலையும் இதே கையால்தான் எழுத வேண்டும். தள்ளுபடியும் ஆச்சரியக்குறியும் யார் வேண்டுமானாலும் போடலாம், நூலைப் பற்றி நீங்கள்தான் எழுத முடியும்.

ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். விவரங்களை நானாக வைத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் பட்டறையில் உண்மையில் நடந்ததை வைத்து எழுதுங்கள்.

பொருள் வரி: 'மை மறுபக்கம் தெரியாத தாள் கிடைத்துவிட்டது'. முன்னோட்ட வரி: 'பக்கங்கள் 192-லிருந்து 160 ஆனது ஏன் என்றும் சொல்கிறேன்'.

உள்ளே: 'வணக்கம். மை பேனாவால் எழுதினால் மறுபக்கம் நிழல் தெரிகிறது என்று உங்களில் சிலர் சொல்லியிருந்தீர்கள். உண்மைதான், எங்கள் தாளின் கனம் 80 ஜி.எஸ்.எம். இப்போது 100-க்கு மாறியிருக்கிறோம். தாள் தடித்தால் நோட்டும் தடிக்கும், தட்டையாக விரியாது. அதனால் பன்னிரண்டு மடிப்புக் கட்டுகளுக்குப் பதில் பத்து வைத்துத் தைத்தோம். அக்கா மூன்று வகை மையால் எழுதிப் பார்த்தார், அந்தப் பக்கத்தின் இரு புறமும் கீழே படத்தில் இருக்கிறது. பழைய தாளே பிடிக்கும் என்பவர்கள் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. புது நோட்டு இங்கே இருக்கிறது. நீங்கள் எந்தப் பேனாவால் எழுதுகிறீர்கள்? இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள், நான்தான் படிப்பேன்.'

ஒரு பொருள், ஒரு படம், ஒரு லிங்க், ஒரு கேள்வி. எழுத்தை எழுத்தாகவே வையுங்கள், படத்துக்குள் புதைக்காதீர்கள். படம் லோட் ஆகாத இடத்தில் உங்கள் பழைய மெயில் வெறும் வெள்ளைக் கட்டமாகத்தான் தெரிந்திருக்கும். கண்பார்வை இல்லாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அதில் படிக்க எதுவும் இருந்திருக்காது. படத்துக்கு மாற்று விவரம் எழுதும் கட்டத்தில் 'புது தாளில் மூன்று வகை மையால் எழுதிய பக்கம்' என்பதுபோல ஒரு வரி கொடுத்துவிடுங்கள்.

பொருள் வரியை மெயிலை முழுசாக எழுதிய பிறகு எழுதுங்கள். போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும், ஆகவே முக்கியமான சொல் முன்னால் வரட்டும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதுபோல் காட்ட முன்னால் 'ரீ:' என்று போடும் தந்திரத்தைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு முறை திறப்பார்கள், அதற்குப் பிறகு உங்கள் பெயரைப் பார்த்தாலே நம்ப மாட்டார்கள்.

பதில் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் உங்களுக்குப் பதில் எழுதுவது, அவருக்கு நீங்கள் வேண்டியவர் என்பதற்கு மெயில் சேவைக்குக் கிடைக்கும் நல்ல அறிகுறி. ஆனால் வரும் பதிலுக்குப் பதில் எழுத நேரம் ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள். முப்பது பேர் எழுதினால் முப்பது பேருக்கும் இரண்டு வரியாவது போக வேண்டும். அக்காவும் நீங்களுமாகப் பிரித்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் எதைப் பற்றி எழுதுவது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டியிருக்காது, அந்தப் பதில்களே சொல்லும்.

தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அட்டையில் லேசான கறை பட்ட நோட்டுகள் பத்து இருக்கின்றன, அதனால் விலை குறைவு என்று காரணத்தோடு சொன்னால் அதுவும் ஒரு நல்ல கடிதம்தான். மாதா மாதம் காரணமில்லாமல் குறைத்தால், முழு விலைக்கு வாங்க இருந்தவரும் அடுத்த மாதம் வரை காத்திருப்பார்.

உங்கள் தொழிலில் இருக்கும் ஒரு வசதியை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நோட்டு எழுதித் தீர்ந்துபோகிற பொருள். தீர்கிற நேரத்தில் உங்கள் மெயில் போய் நின்றால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. நான்கு வருட ஆர்டர் பட்டியலை எடுங்கள். இரண்டு முறையாவது வாங்கியவர்களை மட்டும் பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் முதல் ஆர்டருக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதி, அந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். சராசரி எடுக்காதீர்கள், மூன்று வருடம் கழித்து வந்த இரண்டு மூன்று பேர் அதைக் கெடுத்துவிடுவார்கள். நடு எண் 140 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் போன 120-ஆம் நாளில், அந்த ஒருவருக்கு மட்டும் ஒரு மெயில் போகும்படி உங்கள் சேவையில் தானியங்கியாக அமைத்துவிடலாம். 'உங்கள் நோட்டில் இன்னும் எத்தனை பக்கம் மிச்சம்?' என்று பொருள் வரி வைத்தாலே போதும். அவர் வாங்கிய அதே வகைக்கு லிங்க் கொடுங்கள். டைரி வாங்கியவர்களை இதில் சேர்க்காதீர்கள், அவர்களுக்கு ஆண்டு முடிவதற்கு முன்னால் தனியாக எழுதுங்கள். நீங்கள் செய்யப்போகும் மாற்றங்களில் ஆர்டரை அதிகம் கொண்டுவரப்போவது இதுதான் என்பது என் கணிப்பு.

புதிதாக முகவரி கொடுப்பவருக்கு உடனே ஒரு வரவேற்பு மெயில் போகட்டும். உங்களை நினைவில் வைத்திருக்கும் நேரம் அது. நீங்கள் யார், என்ன தைக்கிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை எழுதுவீர்கள் என்று ஐந்தாறு வரியில் சொல்லிவிடுங்கள். வெப்சைட்டில் முகவரி கொடுத்ததும் 'நீங்கள்தானா' என்று ஒரு லிங்க் அனுப்பி உறுதி செய்துகொள்ளும் முறையையும் வையுங்கள். தட்டச்சுப் பிழையான முகவரிகளும் பொய் முகவரிகளும் உள்ளே வராது.

பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலை கொஞ்சம் வலிக்கும். திரும்பி வந்த முகவரிகளை உங்கள் சேவையே நீக்கிவிடும், அது எளிது. இரண்டு வருடமாக எதுவும் வாங்காமல், ஒரு லிங்க்கையும் அழுத்தாமல் இருப்பவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் ஒன்று எழுதுங்கள்: 'இன்னும் எங்கள் மெயில் வேண்டுமா? வேண்டும் என்றால் இதை அழுத்துங்கள். இல்லையென்றால் இதுவே கடைசி.' சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். 1,400 என்பது 900 ஆகக்கூடக் குறையலாம். அந்த 500 பேர் எப்போதோ போய்விட்டார்கள். பட்டியலுக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

விலகும் லிங்க்கை ஒளித்துவைக்காதீர்கள். உங்கள் மெயிலில் அது வெளிர் சாம்பல் எழுத்தில், படத்துக்கும் கீழே இருக்கிறது. விலக வழி தெரியாதவர் கையில் கிடைப்பது ஸ்பேம் பட்டன்தான், அது உங்களை மற்ற எல்லோரிடமிருந்தும் தள்ளிவைக்கும். ஒரே அழுத்தில் விலகட்டும். லாகின் கேட்பது, அழும் பொம்மைப் படம் காட்டுவது எல்லாம் வேண்டாம். விலகியவர் நாளைக்குத் திரும்பி வந்து நோட்டு வாங்கலாம், கோபத்தோடு போனவர் வாங்க மாட்டார்.

எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கேட்பீர்கள். பெரிதாக யோசிக்காதீர்கள். பதில் வந்தால் உட்கார்ந்து எழுத உங்களுக்கு நேரம் இருக்கும் நாளாகப் பார்த்து அனுப்புங்கள். மாதம் ஒன்று போதும், சொல்ல விஷயம் இருந்தால் இரண்டு. சொல்ல எதுவும் இல்லாத மாதம் அனுப்பாமல் விட்டாலும் குடி முழுகிவிடாது.

எதில் தொடங்குவது என்று திகைத்தால் இந்த வரிசையில் போங்கள். பட்டியல் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாளை, டொமைன் முகவரியும் அந்த மூன்று பதிவுகளும். இந்த வார இறுதியில் ஆர்டர் பட்டியலோடு உட்கார்ந்து நாள் கணக்கு. மாதாந்திர மெயிலை அதற்குப் பிறகு எழுதலாம். எழுத உட்காரும்போது வார்ப்புருவைத் திறக்காதீர்கள். உங்களுக்கு நீளமாகப் பதில் எழுதிய ஒரு வாடிக்கையாளரின் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, அவருக்கு எழுதுவதுபோல் எழுதி முடியுங்கள். அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு எல்லோருக்கும் அனுப்புங்கள்.

மூன்று மெயில் போன பிறகு எனக்கு எழுதுங்கள். திறந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேண்டாம். எத்தனை பதில், எத்தனை ஆர்டர் என்ற இரண்டு எண்கள் போதும். யாராவது பேனாவைப் பற்றி நீளமாக எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.